லாரிக்கும் பிக்கப்புக்கும் ஏர் ஃபில்டர்: பேப்பரா, கழுவிப் போடுவதா?

புதிதாக லாரி எடுத்தவர்கள் ஓரிரு சர்வீஸுக்குள் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். பட்டறை ஃபோர்மேன் "பேப்பரே போடுங்கண்ணே" என்பார், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் "ஒரு தடவை காசு போடுங்க, ஆயுசுக்கும் கழுவிக் கழுவிப் போடலாம்" என்பார், வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எங்கள் வீட்டில், மலேசியாவின் பினாங்கில் இருக்கும் பிறையிலிருந்து ஒரு மூன்று டன் லாரியும் ஒரு டீசல் பிக்கப்பும் ஓடுகின்றன. இரண்டுக்கும் எது சரி என்று பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜாமிலும் கடை கடையாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்குவாரி, கட்டுமான இடம், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை என்று போகும் வண்டிக்குப் பேப்பர் ஃபில்டர்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. தார் ரோட்டைவிட்டு இறங்காத பிக்கப், ஃபில்டரைப் பொறுமையாகக் கழுவிக் காயவைக்கவும் ஆள் இருக்கிறது என்றால் மட்டும் கழுவும் வகையை யோசிக்கலாம். எதைப் போட்டாலும் அது பெட்டியில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் எஞ்சினைக் காப்பாற்றும். கடையில் இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

1. வண்டியின் ஆவணங்களை முதலில் எடுத்து வையுங்கள்

கடைக்குப் போய் "ஹைலக்ஸுக்கு ஒரு ஏர் ஃபில்டர்" என்று கேட்காதீர்கள். பழைய 2.5 ஹைலக்ஸும் பிறகு வந்த 2.4 ஹைலக்ஸும் பெயரில்தான் ஒன்று, எஞ்சின் வேறு. வண்டியின் கிராண்ட்டை (பதிவு அட்டை) போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் எஞ்சின் எண், சேஸிஸ் எண், தயாரித்த ஆண்டு எல்லாம் இருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் ஏர் ஃபில்டர் பக்கத்தையும், இப்போது வண்டியில் இருக்கும் ஃபில்டரின் ஓரத்தில் அச்சடித்த எண்ணையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

ரெக்கன் லாரி வைத்திருப்பவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். ஜப்பானில் ஓடி இங்கே வந்து திரும்பக் கட்டிய வண்டிகளில் எஞ்சினோ ஃபில்டர் பெட்டியோ உள்ளூர் கேட்டலாக்கில் இருப்பதோடு ஒத்துப்போகும் என்று சொல்லமுடியாது. பழைய ஃபில்டரையே கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், புதியதைப் பக்கத்தில் வைத்து உயரம், வெளிவட்டம், உள்வட்டம் மூன்றையும் டேப்பால் அளந்து பாருங்கள். எங்கள் லாரிக்கு ஒரு கடையில் "இதுதான் சைஸ்" என்று அடித்துச் சொல்லிக் கொடுத்த ஃபில்டர் உயரத்தில் கொஞ்சம் குட்டை. மூடி அழகாக மூடிவிட்டது, கிளிப்பும் விழுந்துவிட்டது. ஆனால் கையை உள்ளே விட்டு ஆட்டினால் ஃபில்டர் ஆடியது. அந்த இடைவெளி வழியாகத் தூசி நேராக எஞ்சினுக்குப் போகும், ஃபில்டர் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால், கழுவும் ஃபில்டர் போட்டால் வாரண்டிக்குப் பாதகம் வருமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம், ஈமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் பதில் வாங்குங்கள். நாளை டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டது என்று நிற்கும்போது கவுண்டரில் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள்.

2. வண்டி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்

கிலோமீட்டர் எவ்வளவு என்பதைவிட எந்த ரோட்டில் ஓடியது என்பதுதான் கணக்கு. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஓடும் 40,000 கிலோமீட்டரும் குவாரிக்குள் ஏறி இறங்கும் 4,000 கிலோமீட்டரும் ஃபில்டருக்கு ஒன்றல்ல. குவாரித் தூசியிலும் மண்ணிலும் இருக்கும் சிலிக்கா இரும்பையே தேய்க்கும், அது சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் ரிங்கையும் சுவரையும் அரைத்துவிடும், வழியில் டர்போவின் இறக்கையையும் தின்றுகொண்டேதான் போகும்.

ஒரு மாத ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். பட்டர்வொர்த் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி, பட்டர்வொர்த்–கூலிம் நெடுஞ்சாலையில் போய், தொழிற்பேட்டையில் இறக்குகிற வண்டி தார் ரோட்டு வண்டி. பாயான் லெப்பாஸ் பக்கம் கட்டட வேலைக்கு மணலும் கல்லும் இழுப்பது, சுங்கை பட்டாணித் தோட்டங்களுக்கு உரம் கொண்டுபோவது எல்லாம் தூசி வண்டி. இரண்டும் கலந்திருந்தால் தூசி வண்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு லாரி போக, அதன் புழுதியிலேயே பின்னால் ஓட்டுவது மாதத்தில் சில நாள் இருந்தாலும் போதும்.

புகைமூட்டக் காலத்தையும் மறக்க வேண்டாம். 2015-லும் 2019-லும் வந்த மாதிரி கடுமையாக வந்தால், தார் ரோட்டில் மட்டும் ஓடிய வண்டியின் ஃபில்டரையும் வழக்கமான தேதிக்குக் காத்திருக்காமல் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

3. இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே

பேப்பர் ஃபில்டர் என்பது மடிப்பு மடிப்பாக வைத்த தாள். புதிதாக இருக்கும்போதே நன்றாகப் பிடிக்கும், தூசி படியப் படிய இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் படிந்த தூசியே இன்னொரு வடிகட்டியாகிவிடும். ஆனால் தூசி படியப் படியக் காற்றோட்டம் குறையும், ஒரு கட்டத்தில் அடைத்துக்கொள்ளும். கே அண்ட் என் (K&N) பிராண்ட் போன்ற கழுவும் வகையில் பெரும்பாலும் பருத்தித் துணி, அதன்மேல் பிசுபிசுப்பான எண்ணெய். தூசி எண்ணெயில் ஒட்டும், காற்று தாராளமாகப் போகும். எண்ணெய் இல்லாத செயற்கை நார் வகையும் உண்டு, அதையும் கழுவலாம்.

இங்கே ஒரு சதவீதக் கண்கட்டு இருக்கிறது. எண்ணெய்ப் பருத்தி வகைக்கு 96 முதல் 99 சதவீதம் தூசி பிடிக்கும் என்று போட்டிருப்பார்கள், நல்ல பேப்பருக்கு 99-க்கும் மேல். கேட்க எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றும். பிடித்ததை விட்டுவிட்டு, தப்பிப்போனதைப் பாருங்கள்: நூறு கிராம் தூசியில் 99 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் ஒரு கிராமை விடுகிறது, 97 சதவீதம் பிடிப்பது மூன்று கிராமை விடுகிறது. எஞ்சினுக்குள் போவது மூன்று மடங்கு. தார் ரோட்டில் மொத்தத் தூசியே கொஞ்சம்தான், அதனால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. குவாரியில் தெரியும்.

ஃபில்டர் வரும் அட்டைப்பெட்டியில் ஐஎஸ்ஓ 5011 (ஏர் ஃபில்டருக்கான சர்வதேசப் பரிசோதனை முறை) என்று போட்டிருந்தால் எந்தத் தூசியை வைத்துச் சோதித்தார்கள் என்றும் பாருங்கள். பருமனான தூசியை வைத்துச் சோதித்தால் சதவீதம் எப்போதும் அழகாக வரும், நுண்தூசியில் வந்த சதவீதத்தைத்தான் நம்பலாம்.

4. காசுக் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும், அதனால் கணக்குப் போடும் விதத்தைக் காட்டுகிறேன், நீங்கள் கேட்ட விலையை அதில் போட்டுக்கொள்ளுங்கள். பிக்கப்புக்குப் பேப்பர் 60 வெள்ளி (ரிங்கிட்), 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். கழுவும் ஃபில்டர் 300 வெள்ளி, கழுவும் மருந்தும் எண்ணெயும் சேர்ந்த செட் 90 வெள்ளி, ஆக 390. அறுபதை வைத்து வகுத்தால் ஆறரைப் பேப்பர் ஃபில்டர், அதாவது 130,000 கிலோமீட்டர் ஓடினால்தான் போட்ட காசு சமமாகும். வருடத்துக்கு 50,000 கிலோமீட்டர் ஓடும் வேலைப் பிக்கப்புக்கு இரண்டரை வருடம். வீட்டுக்கும் சந்தைக்குமாக 15,000 ஓடுபவருக்கு எட்டரை வருடத்துக்கும் மேல், அதற்குள் பாதிப் பேர் வண்டியையே விற்றிருப்பார்கள். எண்ணெய் செட் தீர்ந்தால் திரும்ப வாங்கவேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

"டீசல் மிச்சமாகும்" என்று சொல்வதை நம்பிக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 3.35 வெள்ளிக்கு ஏறியதிலிருந்து இந்தப் பேச்சுக்கு மவுசு கூடிவிட்டது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-ல் நவீன பெட்ரோல் கார்களில் ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துவைத்துச் சோதித்தது. எரிபொருள் செலவில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை, வேகம் எடுப்பதுதான் குறைந்தது. டீசலில் ஃபில்டர் மிகவும் அடைத்தால் கரும்புகையும் இழுவைக் குறைவும் வரும் என்பது உண்மை. ஆனால் அது அடைத்த ஃபில்டரின் கதை. அடைக்காத பேப்பரை எடுத்துவிட்டுக் கழுவும் ஃபில்டரைப் போட்டால் மாதாந்திர டீசல் பில் இறங்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

இன்னொரு செலவு யாரும் சொல்லாதது, வண்டி நிற்கும் நேரம். கழுவிய ஃபில்டர் தானாகக் காயவேண்டும். நம் பினாங்கு ஈரக்காற்றில், அதுவும் செப்டம்பருக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டால், ஒரு ராத்திரியில் காய்வதே சந்தேகம். வாடகைக்கு ஓடும் லாரி ஒரு நாள் நின்றால் போகும் காசில் எத்தனை பேப்பர் ஃபில்டர் வாங்கலாம் என்று பாருங்கள். மாற்றிப்போட இரண்டாவது ஃபில்டர் வாங்கி வைத்தால் முதலீடு இரட்டிப்பு.

5. பேப்பரைக் காற்றடித்துத் திரும்பப் போடுவது

லாரிக்காரர்களுக்கு உண்மையில் இதுதான் பெரிய கேள்வி, ஏனென்றால் பல லாரிகளுக்குக் கழுவும் ஃபில்டர் கடையில் லேசில் கிடைக்காது. நடைமுறையில் நடப்பது என்னவென்றால், பேப்பர் ஃபில்டரைக் கழற்றி டயரில் தட்டி, கம்ப்ரஸர் குழாயை வைத்து ஒரு அடி அடித்து, புழுதி பறந்ததும் "ஆச்சு, புதுசு மாதிரி" என்று மாட்டிவிடுவார்கள். தயவுசெய்து இதை வழக்கமாக்காதீர்கள். கம்ப்ரஸர் காற்று அடிக்கும் வேகத்தில் தாளில் ஊசிமுனை ஓட்டை விழும், தட்டும் தட்டில் இரும்பு வளையம் நெளியும், ரப்பர் ஓரம் சரியாக உட்காராது. பெரிய ஃபில்டர் தயாரிப்பாளர்கள் பலர் சுத்தம் செய்யவே வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள்.

வேறு வழியே இல்லாத இடத்தில், வண்டியின் புத்தகமும் அனுமதித்தால், காற்றின் அழுத்தத்தை 2 பாருக்குக் கீழே வைத்து, உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக, குழாயைத் தாளுக்கு ஒட்டாமல் தள்ளிப் பிடித்து அடியுங்கள். அப்புறம் இருட்டான இடத்தில் ஃபில்டருக்குள் டார்ச்சை விட்டுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தால் அது ஓட்டை, குப்பைத்தொட்டிக்குத்தான் போகவேண்டும். மழைநீரில் நனைந்து ஊறிய பேப்பரும் அப்படித்தான், காயவைத்துப் போடக்கூடாது.

லாரிகளில் பெரும்பாலும் இரண்டு ஃபில்டர் இருக்கும், வெளியே பெரியது, உள்ளே சிறியது. உள்ளே இருப்பது காவலுக்கு, வெளியில் இருப்பது கிழிந்தால் எஞ்சினைக் காப்பாற்ற. அதற்குக் காற்றடிக்கவே கூடாது, சும்மா சும்மா கழற்றிப் பார்க்கவும் கூடாது. வெளியில் இருப்பதை மூன்று தடவை மாற்றும்போது உள்ளே இருப்பதை ஒரு தடவை மாற்றுவது வழக்கம். காசு மிச்சம் என்று உள் ஃபில்டரையே எடுத்துப் போட்டுவிட்டு ஓடும் லாரிகளும் இருக்கின்றன. செகண்ட் ஹேண்ட் லாரி வாங்கினால் முதல் நாளே திறந்து அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

6. வாங்கும்போது

சக்குரா, டென்சோ, டொனால்ட்சன், மான் என்று பெயருள்ளவை எல்லாம் நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். பெயரைவிட முக்கியம் அது போலியா இல்லையா என்பது. ஆன்லைனில் பாதி விலைக்கு "ஒரிஜினல்" என்று வருவதைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். கையில் எடுத்தால் தெரியும்: மடிப்புகள் ஒரே சீராக இருக்கவேண்டும், விரலால் லேசாக ஒதுக்கினால் சாயாமல் நிற்கவேண்டும். ஓரத்து ரப்பர் மெத்தென்று அழுந்தித் திரும்பி வரவேண்டும். தாளும் ரப்பரும் சேரும் இடத்தில் பசை விட்டுப்போயிருந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

ரசீதில் ஃபில்டரின் எண்ணையும் வண்டி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். சொந்த உபயோகப் பிக்கப் என்றால், போலி விற்ற கடையோடு தகராறு வரும்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், ஆனால் ரசீது இல்லாமல் போனால் வழக்கு நிற்காது. தொழிலுக்கு ஓடும் வண்டி என்றால் வருமான வரிக் கணக்குக்காக ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்கவேண்டும். கடை ரசீதின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

7. மாட்டும்போது

பட்டறையில் விட்டாலும் இந்த ஐந்து நிமிடம் பக்கத்தில் நில்லுங்கள். பெட்டியைத் திறக்கும் முன் வெளிப்பக்கத் தூசியை ஈரத்துணியால் துடைக்கவேண்டும், இல்லையென்றால் திறந்த உடனே அது உள்ளே விழும். பழையதை மெதுவாக வெளியே இழுக்கவேண்டும். உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்கவேண்டும், அங்கே காற்றடித்தால் தூசி எஞ்சின் பக்கமே போகும். லாரிப் பெட்டியின் அடியில் ஒரு ரப்பர் வால்வு மூக்கு மாதிரி தொங்கும், அது கீழ்நோக்கி இருக்கவேண்டும், விரலால் அழுத்தினால் சேர்ந்த தூசி கொட்டும். கிழிந்தோ காணாமலோ போயிருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. பழைய ஃபில்டரைக் கழற்றியதும், ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் குழாயின் உள்சுவரை வெள்ளை டிஷ்யூவால் ஒரு சுற்றுத் துடைத்து எடுங்கள். லேசான எண்ணெய்ப் பசை இருந்தால் பரவாயில்லை. காப்பித் தூள் நிறத்தில் நறநறவென்று ஏதாவது வந்தால் தூசி எங்கோ தப்பி வருகிறது: ரப்பர் ஓரம், நெளிந்த மூடி, குழாய் கிளாம்ப், வெடித்த ரப்பர் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தூசி படிந்த ஒரு கோடு ஓரத்தில் தெரிந்தால் அந்தக் கோடே வழியைக் காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் அடுத்த எஞ்சின் ஆயில் மாற்றும்போது கொஞ்சம் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாம். சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து கூடியிருந்தால் மண்தூசி உள்ளே போகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

8. கழுவும் வகைதான் என்று முடிவு செய்தவர்களுக்கு

அந்தந்த பிராண்டின் மருந்தையும் எண்ணெயையும் மட்டும் பயன்படுத்துங்கள். பெட்ரோல், டீசல், துணி சோப்பு எதுவும் வேண்டாம். மருந்தைத் தெளித்து, அட்டையில் போட்டிருக்கும் நேரம் ஊறவிட்டு, குறைந்த வேகத் தண்ணீரில் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக அலசுங்கள். வெயிலில் முழுதும் காயவிடுங்கள். கம்ப்ரஸர், ஹேர் டிரையர் இரண்டும் துணியைக் கெடுக்கும். கழுவிய எண்ணெய்த் தண்ணீரை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள்.

காய்ந்த பிறகு எண்ணெயை மடிப்பின் உச்சியில் மெல்லிய கோடாக விட்டு, இருபது நிமிடம் ஊறவிட்டு, வெளிறிய இடம் இருந்தால் அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் விடுங்கள். குறைந்தால் தூசி பிடிக்காது. கூடினால் எண்ணெய் துளி துளியாகப் பறந்து, பிக்கப்புகளில் ஃபில்டருக்குப் பின்னால் இருந்து காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் படியும், இழுவை குறையும், எஞ்சின் விளக்கு எரியும். அந்த சென்சார் மாற்றும் செலவில் மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விடும். இந்தப் பயம் இருப்பவர்களுக்கு எண்ணெய் இல்லாத செயற்கை நார் வகை தேவலை.

9. எப்போது மாற்றுவது

பிக்கப்புக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர்தான் உச்சவரம்பு, தூசி வண்டிக்கு அதில் பாதியிலேயே பாருங்கள். லாரியில் ஃபில்டர் பெட்டியிலோ குழாயிலோ ஒரு சின்னக் காட்டி இருக்கும், அடைப்பு எல்லை தாண்டினால் சிவப்பு தெரியும். டர்போ டீசல்களில் அந்த எல்லை பெரும்பாலும் 25 அங்குல நீர் அழுத்தம், ஏறக்குறைய 6.2 கிலோபாஸ்கல். சிவப்பு வரும்வரை அடிக்கடி திறந்து பார்க்கவேண்டாம், ஒவ்வொரு தடவை திறப்பதும் கொஞ்சம் தூசியை உள்ளே விடுவதுதான். மாற்றியதும் காட்டியின் பொத்தானை அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

சரக்கு வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனப் பரிசோதனை உண்டு, டீசல் என்றால் புகையையும் அளப்பார்கள். அடைத்த ஃபில்டரோடு போய்க் கரும்புகையில் விழுந்தால் மறுபரிசோதனை, இன்னொரு நாள் வாடகை நட்டம். பரிசோதனைத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே காட்டியைப் பாருங்கள், சிவப்பை நெருங்கியிருந்தால் அப்போதே மாற்றிவிட்டு, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் புகையையும் கவனித்துக்கொண்டு போங்கள். ஃபில்டர் புதிதாக இருந்தும் புகை கறுப்பாக வந்தால் இன்ஜெக்டர் (டீசலைத் தெளிக்கும் பாகம்) அல்லது டர்போ பக்கம் பார்க்கவேண்டும், அதற்கும் அந்த ஒரு வாரம் தேவைப்படும்.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரால் ஃபில்டர் பெட்டியின் மூடிமேலேயே எழுதிவிடுங்கள். டிரைவர் மாறினாலும் பட்டறை மாறினாலும் மூடியைப் பார்த்தால் தெரியும்.